பன்வாரி தேவி மாதிரி இருன்னு தோழிகிட்ட சொன்னது தப்பா?

கேள்வி: மேடம், எனக்கு 23 வயசு, சமூகப் பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருக்கேன். தனக்கு நடந்த பலாத்காரத்துக்கு எதிரா கேஸ் போட்டுப் போராடின ராஜஸ்தான் பன்வாரி தேவி பத்தி கிளாஸ்ல நடத்தினதுல இருந்து அவங்கதான் என் ரோல் மாடல், ரூம் சுவத்துல அவங்க படத்தை ஒட்டி வெச்சிருக்கேன். என் ரூம்மேட் வேலைக்குப் போற பொண்ணு. ரெண்டு மாசம் முன்னாடி ஆபீஸ் வேலையா வெளியூர் போன இடத்துல அவளோட மேனேஜர் அவளை பலாத்காரம் பண்ணினதை போன வாரம் அழுதுகிட்டே சொன்னா. நான் உடனே "நாளைக்கே ஸ்டேஷன் போலாம், கம்ப்ளைண்ட் குடுத்தே ஆகணும், கிராமத்துல பானை செய்யற ஒரு அம்மா அவ்வளவு தைரியமா நின்னாங்க, டிகிரி படிச்ச நீ பயப்படறியா"ன்னு கேட்டுட்டேன். அன்னில இருந்து அவ என்கிட்ட சரியா பேசறதே இல்ல, நான் ரூமுக்கு வந்தா போர்வையை இழுத்து மூடிக்கறா. நான் என்ன தப்பு பண்ணேன்? எங்கம்மா வேற "ஊரு வம்பு நமக்கெதுக்கு"ன்னு இந்தப் படிப்பையே விடச் சொல்றாங்க. இந்த வேலைக்கு நான் லாயக்கு இல்லையா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். கெட்ட எண்ணத்துல நீங்க ஒரு வார்த்தை கூட பேசலைன்னு நல்லா தெரியுது, ஆனாலும் கேட்டதுக்கு நேரா பதில் சொல்லணும்ல, ஆமா தப்பு நடந்திருக்கு. அந்தப் பொண்ணு ரெண்டு மாசமா யார்கிட்டயும் சொல்லாம நெஞ்சுக்குள்ள வெச்சிருந்ததை உங்ககிட்ட எடுத்து வெச்சா, வெச்ச அஞ்சு நிமிஷத்துல அவ கையில ஒரு பரீட்சை பேப்பரைக் குடுத்துட்டீங்க, அதுலயும் இன்னொருத்தங்க எவ்வளவு மார்க் வாங்கினாங்கன்னு சொல்லிக் குடுத்துட்டீங்க. அவளுக்கு என்ன கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, "நீ கோழை"ன்னுதான் கேட்டிருக்கும். ஏற்கனவே ராத்திரி முழுக்க அவ தன்னைத்தானே திட்டிக்கிட்டு இருக்கற அதே வார்த்தை.

இதை சரி பண்ண முடியும், பயப்படாதீங்க. அதுக்கு முன்னாடி பன்வாரி தேவி பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா நீங்க அவங்க வாழ்க்கையோட ஒரு பக்கத்தை மட்டும்தான் சுவத்துல ஒட்டியிருக்கீங்கன்னு எனக்குத் தோணுது.

பாடத்துல அவங்களுக்கு அந்தக் கொடுமை நடந்த 1992 செப்டம்பர் 22ல இருந்து ஆரம்பிச்சிருப்பாங்க, கேஸ், கோர்ட், பணியிடத்துல பெண்கள் பாதுகாப்பு பத்தின விசாகா தீர்ப்பு, முடிஞ்சது. ஆனா கதை அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்குது. ஜெய்ப்பூர் பக்கத்துல படேரின்னு ஒரு கிராமம், அங்க இருந்தவங்க பன்வாரி, குயவர் ஜாதி, சின்ன வயசுலயே கல்யாணம் பண்ணி வைக்கப்பட்டவங்க. ராஜஸ்தான் அரசாங்கத்தோட பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்துல 1985ல சேந்தாங்க, அந்த வேலைக்குப் பேரு சாத்தின். சாத்தின்னா தோழி, கூட இருக்கறவ. அதிகாரி இல்ல, லீடர் இல்ல, பேரே தோழிதான்! வீடு வீடா போய் பேசறது, பொம்பளைப் புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்றது, குழந்தைக் கல்யாணம் வேணாம்னு புரிய வைக்கறது, இதெல்லாம்தான் வேலை. 1987ல பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணை ஒருத்தன் பலாத்காரம் பண்ண முயற்சி பண்ணான்னு தெரிஞ்சப்போ அந்தப் பொண்ணுக்காக நின்னாங்க, ஊர்க்காரங்களும் அப்ப அவங்க பின்னாடி நின்னாங்க. அதாவது தனக்கு அந்தக் கொடுமை நடக்கறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே இன்னொரு பொண்ணுக்காக நின்னவங்க அவங்க. நீங்க ரோல் மாடலா எடுத்துக்க வேண்டிய பன்வாரி இவங்கதான் தங்கச்சி. உங்க ஃப்ரெண்டை பன்வாரி மாதிரி இருன்னு சொல்லிட்டீங்க, ஆனா அந்த ரூம்ல அன்னிக்கு சாத்தினா இருந்திருக்க வேண்டியது நீங்க.

1992ல அட்சய திருதியை சமயம், அங்க அதை ஆக்கா தீஜ்னு சொல்வாங்க, பன்வாரியோட ஜாதிக்கு மேலன்னு கருதப்பட்ட குர்ஜர் ஜாதிக் குடும்பம் ஒண்ணுல ஒன்பது மாசக் குழந்தைக்கு கல்யாணம் ஏற்பாடு பண்ணாங்க. ஒன்பது மாசம், இன்னும் பால் குடிக்கற குழந்தை. பன்வாரி தடுக்கப் போனாங்க, போலீஸ் வந்து நிறுத்திட்டுப் போச்சு, போலீஸ் போனதும் அடுத்த நாள் விடியறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிட்டாங்க. அப்புறம் ஊரே சேந்து ஒதுக்கி வெச்சது, அவங்க செஞ்ச பானையை வாங்க ஆளில்ல, அவங்களுக்குப் பால் விக்க ஆளில்ல. செப்டம்பர்ல ஒரு சாயங்காலம் வயல்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தப்போ அஞ்சு பேர் வந்து புருஷன் மோகனை கட்டையால அடிச்சுப் போட்டுட்டு அவங்களை நாசம் பண்ணாங்க.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நீங்க கவனமா படிக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்த ஆண் டாக்டர் பரிசோதனை பண்ணாம ஜெய்ப்பூருக்கு அனுப்பினாரு, அதுவும் அவங்க வயசை உறுதி பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்து. ஜெய்ப்பூர்ல மாஜிஸ்திரேட் ஆர்டர் இல்லாம பாக்க மாட்டோம்னாங்க, மாஜிஸ்திரேட் வேலை நேரம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாரு. கடைசில பரிசோதனை நடந்தப்போ 52 மணி நேரம் ஓடிப் போயிருந்தது. ஸ்டேஷன்ல ராத்திரி நேரத்துல, ஆதாரத்துக்கு வேணும்னு கட்டியிருந்த பாவாடையைக் கழட்டிக் குடுக்கச் சொன்னாங்க. மாத்திக்க வேற துணி கிடையாது. மோகனோட தலைப்பாகைத் துணி இருந்தது, அதுல அவரோட ரத்தக்கறை இருந்தது, அதை இடுப்புல சுத்திக்கிட்டு அந்த இருட்டுல நடந்து போனாங்க, பக்கத்து கிராமத்துல இருந்த இன்னொரு சாத்தின் வீட்டுக்கு.

நான் இந்த கவுன்சலிங் வேலைக்கு வந்த புதுசுல இதைப் படிச்சுட்டு அன்னிக்கு சாப்பிட முடியல எனக்கு. இன்னிக்கும் என் ரூம் பீரோல ரெண்டு செட் புது சுடிதார் எப்பவும் மடிச்சு வெச்சிருப்பேன், ஒண்ணு சின்ன சைஸ், ஒண்ணு பெரிய சைஸ். ஆஸ்பத்திரிக்கு எந்தப் பொண்ணோட போனாலும் அதுல ஒண்ணு என் பையில இருக்கும், ஏன்னா சம்பவத்தப்போ போட்டிருந்த துணியை ஆதாரமா எடுத்துக்குவாங்க, இன்னிக்கும் பல இடத்துல மாத்துத் துணி தர மறந்துடறாங்க. உங்க படிப்புல தியரி நிறைய சொல்லிக் குடுப்பாங்க, இந்த மாத்துத் துணி விஷயத்தை யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அதான் சொல்றேன்.

சரி, கேஸுக்கு வருவோம். போலீஸ் கையில இருந்து சி.பி.ஐ. கைக்குப் போச்சு. 1993 டிசம்பர்ல ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருத்தர் குற்றவாளிங்க ஜாமீன் மனுவைத் தள்ளுபடி பண்ணப்போ, குழந்தைக் கல்யாணத்தைத் தடுத்ததுக்குப் பழிவாங்கத்தான் இது நடந்ததுன்னு தான் நம்பறதா சொன்னாரு. ஆனா கீழ்க் கோர்ட்ல அஞ்சு ஜட்ஜ் மாறி ஆறாவது ஜட்ஜ் வந்து 1995 நவம்பர்ல பலாத்காரக் குற்றத்துல இருந்து எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாரு. காரணம் என்னன்னா மேல் ஜாதி ஆம்பளை தாழ்ந்த ஜாதி பொம்பளையைத் தொட்டு தன்னைத் தீட்டாக்கிக்க மாட்டான்ங்கறது ஒண்ணு, மனைவிக்கு இப்படி நடக்கறப்ப புருஷன் சும்மா பாத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டான்ங்கறது இன்னொண்ணு. அடிபட்டுக் கிடந்த மனுஷனைப் பாத்து சொன்னது! மேல்முறையீடு வருஷக்கணக்கா கிடந்தது, அந்த அஞ்சு பேர்ல சிலர் செத்தே போயிட்டாங்க.

அதாவது உங்க ரோல் மாடல் தன்னோட கேஸ்ல ஜெயிக்கல. இதை உங்க ஃப்ரெண்ட் தேடிப் படிச்சிருந்தா என்ன நினைச்சிருப்பா? அவ்வளவு பேர் பின்னாடி நின்ன அந்த அம்மாவுக்கே இப்படின்னா எனக்கு என்ன ஆகும்னுதான நினைச்சிருப்பா? அந்த பயத்தை கோழைத்தனம்னு சொல்லாதீங்க, அவ கணக்கு சரியாத்தான் போட்டிருக்கா.

ஆனா அந்தக் கேஸோட அது முடிஞ்சு போகல. விசாகாங்கற அமைப்பும் வேற சில பெண்கள் அமைப்புகளும் சேந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, அரசாங்க வேலையை செய்யப் போய்த்தான இவங்களுக்கு இது நடந்தது, அப்ப வேலை செய்யற இடத்துல பொண்ணுங்க பாதுகாப்புக்கு யார் பொறுப்புன்னு கேட்டாங்க. 1997 ஆகஸ்ட் 13ல தீர்ப்பு வந்தது, தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா இருந்த பெஞ்ச், சட்டம் வர்ற வரைக்கும் இந்த வழிமுறைகள்தான் சட்டம்னு சொன்னாங்க. 2012 டிசம்பர்ல டெல்லி சம்பவத்துக்கு அப்புறம் குற்றவியல் சட்டத்தைத் திருத்த கமிட்டி போட்டாங்க இல்ல, அதுக்கும் தலைவர் இதே வர்மாதான். 2013ல பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமே வந்தது. உங்க ஃப்ரெண்டோட கம்பெனில 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா, இந்த மாதிரி புகாரை விசாரிக்க அங்க ஒரு உள் புகார்க் குழு இருந்தே ஆகணும்னு இன்னிக்கு நம்ம சொல்ல முடியுதுன்னா அதுக்கு வேர் அந்தப் படேரி வயல்ல இருக்கு. பன்வாரிக்குக் கிடைக்காததுதான் உங்க ஃப்ரெண்ட் கைக்கு வந்திருக்கு, அதை எடுக்கறதும் எடுக்காததும் அவ இஷ்டம்.

இன்னொண்ணையும் கவனிங்க, பன்வாரி எங்கயும் ஒத்தையா நிக்கல. அந்த ராத்திரி கதவைத் திறந்த இன்னொரு சாத்தின் இருந்தாங்க, ஜெய்ப்பூர்ல தெருவுல இறங்கின பெண்கள் இருந்தாங்க, வக்கீல்கள் இருந்தாங்க, எல்லாத்துக்கும் மேல மோகன் இருந்தாரு. ஊரே ஒதுக்கின நேரத்துலயும் அந்த மனுஷன் மனைவி பக்கத்துல இருந்து நகரல. நான் இத்தனை வருஷத்துல பாத்த எத்தனையோ குடும்பத்துல முதல்ல நகந்து போனது புருஷன்தான், அதனால எனக்கு அந்தப் பேர் மேல தனி மரியாதை. அவங்க தைரியம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா பாதி அவங்க நெஞ்சுல இருந்து, பாதி இந்த ஆளுங்ககிட்ட இருந்து. உங்க ஃப்ரெண்டுக்கு இப்ப அந்த ஆளு யாரு? ஒரே ஆள்தான், நீங்க.

இப்ப நடைமுறைக்கு வரேன்.

"நான் உன்னை நம்பறேன், இதுல உன் தப்பு எதுவும் இல்ல" இந்த ரெண்டு வாக்கியமும் உங்க வாயில இருந்து வந்துச்சான்னு யோசிங்க, லெட்டர்ல எனக்குத் தெரியல. போலீஸ், கோர்ட் எல்லாம் அதுக்கு அப்புறம். ஏன் கத்தல, ஏன் ரெண்டு மாசம் சொல்லல, ஏன் அந்த ஆள் கூட ஒரே கார்ல திரும்பி வந்த, இந்த மாதிரி "ஏன்" கேள்வி எதுவும் வேண்டாம். பயத்துல உடம்பு அப்படியே உறைஞ்சு போயிரும், நிறைய பேருக்கு நடக்கறது இது, கை கால் அசையாது, குரல் வராது. அப்புறம் நடந்ததை வரிசையா சொல்லவும் வராது, முன்னுக்குப் பின் மாறும், அதனால பொய்னு ஆயிடாது. என்கிட்ட ஒரு அம்மா மூணு தடவை வந்து பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ் பத்தி மட்டும் பேசிட்டுப் போனாங்க, நானும் ஃபீஸ் பத்தியே பேசினேன். நாலாவது தடவை உக்காந்து டம்ளர் தண்ணியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, குடிக்கவே இல்ல, அரை மணி நேரம் கழிச்சு ஒரு வாக்கியம் சொன்னாங்க. அந்த ஒரு வாக்கியத்துக்கு மூணு தடவை ஃபீஸ் பேச வேண்டியிருந்தது. உங்களுக்கு உங்க ஃப்ரெண்ட் முதல் தடவையே சொல்லிட்டா, எவ்வளவு நம்பிக்கை வெச்சிருப்பான்னு பாருங்க.

உடம்பை விட்டுடக் கூடாது. ரெண்டு மாசம் ஆயிடுச்சு, பீரியட்ஸ் சரியா வருதான்னு அவளே கவனிச்சாளான்னு தெரியல, ஒரு லேடி டாக்டரைப் பாக்கறது நல்லது, கர்ப்ப பரிசோதனை, ஹெச்.ஐ.வி. பரிசோதனை, மூணு மாசம் முடிஞ்சதும் இன்னொரு தடவை ஹெச்.ஐ.வி. ஒருவேளை கர்ப்பம்னா இந்த மாதிரி நிலைமைல 24 வாரம் வரைக்கும் கலைக்க சட்டம் அனுமதிக்குது. அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் இலவசமா சிகிச்சை குடுத்தே ஆகணும், மறுத்தா அது குற்றம். ஒரு விஷயத்தை முன்னாடியே அவகிட்ட சொல்லிடுங்க, நடந்ததை ஆஸ்பத்திரில சொன்னா அவங்க போலீசுக்குத் தகவல் குடுக்கணும்ங்கறது சட்டம். ஆனா பரிசோதனைக்கு அவ சம்மதம் வேணும், போலீஸ் வந்தாலும் பேசறதும் பேசாததும் அவ முடிவுதான். இது தெரியாம கூட்டிட்டுப் போய், அங்க திடீர்னு காக்கிச் சட்டையைப் பாத்தா அவ உங்களைத்தான் சந்தேகப்படுவா. இன்னொண்ணு, பிறப்புறுப்புல விரல் விட்டுப் பாக்கற ரெண்டு விரல் சோதனைன்னு ஒரு கொடுமை முன்ன இருந்தது, அதை செய்யவே கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2013லயும் சொல்லுச்சு, செய்யற டாக்டர் மேல நடவடிக்கைன்னு 2022ல இன்னும் கறாரா சொல்லுச்சு. அந்த பயம் இருந்தா எடுத்துச் சொல்லுங்க.

சட்டம் பத்தி ஒரே ஒரு தடவை சொல்லுங்க, ரெண்டாவது தடவை அவளா கேட்டா மட்டும். என்ன சொல்லணும்னா, பலாத்காரத்துக்கு போலீஸ்ல புகார் குடுக்க காலக்கெடு கிடையாது, ரெண்டு மாசம் லேட் ஆனதால கதவு மூடிப் போகல. சம்பவம் வேற ஊர்ல நடந்திருந்தாலும் இங்க பக்கத்து ஸ்டேஷன்லயே ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு புகாரைப் பதிவு பண்ணி அந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்பணும், வாக்குமூலத்தைப் பெண் போலீஸ் அதிகாரிதான் எழுதணும். பேரை யாராவது வெளில விட்டா 2 வருஷம் வரைக்கும் ஜெயில். வக்கீலுக்குப் பணமில்லைன்னு கவலை வேண்டாம், பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம சட்ட உதவி மையத்துல இலவசமா வக்கீல் தருவாங்க, நம்பர் 15100. மகளிர் உதவி எண் 181, அதுல கேட்டா பக்கத்துல இருக்கற ஒன் ஸ்டாப் சென்டர் எதுன்னு சொல்வாங்க, டாக்டர், கவுன்சலர், போலீஸ், வக்கீல் உதவி எல்லாத்தையும் ஒரே இடத்துல ஏற்பாடு பண்ணித் தருவாங்க.

ஆனா ஆபீஸ் புகாருக்கு மட்டும் கெடு இருக்கு. உள் புகார்க் குழுகிட்ட மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், சரியான காரணம் இருந்தா குழு இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். வேலை விஷயமா போன வெளியூரும் பணியிடம்தான், ஹோட்டல் ரூம்ல நடந்தது எங்களுக்கு சம்பந்தமில்லன்னு கம்பெனி கையை விரிக்க முடியாது. விசாரணை நடக்கற நேரத்துல அவ கேட்டா மூணு மாசம் வரைக்கும் லீவு குடுக்கலாம், இல்ல அவளையோ அந்த ஆளையோ வேற இடத்துக்கு மாத்தலாம். அவ போலீசுக்குப் போகணும்னா கம்பெனி உதவி பண்ணியாகணும். இதெல்லாத்தையும் ஒரு பேப்பர்ல கையெழுத்து புரியற மாதிரி எழுதி அவ அலமாரில வெச்சிடுங்க, கெடு முடியற தேதியையும் எழுதுங்க. அவ ஆபீஸ் போகலைன்னாலும், வேலையை விட்டாலும், கம்ப்ளைண்டே வேணாம்னு சொன்னாலும் நீங்க அதே மாதிரி பக்கத்துல இருக்கணும். அன்னிக்கு அந்த ஆள் அவ விருப்பத்தைக் கேக்கல, இன்னிக்கு நீங்களும் கேக்காம முடிவெடுத்தா எப்படி?

வாட்ஸப்ல வந்த மெசேஜ், டிக்கெட், ஹோட்டல் பில் எதையும் அழிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. அன்னிக்குப் போட்டிருந்த துணி துவைக்காம இருந்தா பிளாஸ்டிக் கவர்ல போடாம பேப்பர் கவர்ல போட்டு வைக்கலாம். எடுத்து வெச்சிருக்கறதால கேஸ் போட்டே ஆகணும்னு இல்ல. ஆறு மாசம் கழிச்சு அவ மனசு மாறினா கையில இருக்கும், அவ்வளவுதான். சாகணும் போல இருக்குன்னு ஒரு வார்த்தை அவ வாயில இருந்து வந்தா மட்டும் காத்திருக்காதீங்க, 14416க்குப் போன் பண்ணுங்க, இலவச மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, அந்த ராத்திரி அவளைத் தனியா விடாதீங்க.

அம்மா விஷயம். அவங்க மேல கோபப்படாதீங்க, ஊரு வம்புன்னு அவங்க சொல்றது பயம், தன் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. பன்வாரியை ஒதுக்கி வெச்ச மாதிரி நம்மளையும் ஒதுக்கிடுவாங்களோன்னு அவங்க நினைச்சா அது ஒண்ணும் கற்பனை இல்ல. ஒரு நாள் அவங்களை உக்கார வெச்சு, அவங்க சின்ன வயசுல பஸ்லயோ கல்யாண வீட்லயோ யாராவது கையை வெச்சப்போ யார்கிட்ட சொன்னாங்கன்னு மெதுவா கேட்டுப் பாருங்க. என்கிட்ட வர்ற அம்மாக்கள்ல பாதிக்கு மேல பேர் "யார்கிட்டயும் சொல்லல"ம்பாங்க. அந்தப் பேச்சுக்கு அப்புறம் படிப்பை விடச் சொல்ல அவங்களுக்கே மனசு வராதுன்னு நான் நம்பறேன்.

இந்த வேலைக்கு லாயக்கான்னு கேட்டீங்க. தப்பு பண்ணிட்டோமோன்னு ராத்திரி தூங்காம லெட்டர் எழுதற ஆளுக்குக் கத்துக்கற மனசு இருக்கு, எனக்கு அது போதும். ஃபீல்டு வொர்க்குக்கு ஒன் ஸ்டாப் சென்டர் கேளுங்க, மொதல்ல ஆறு மாசம் பேசாம கேக்க மட்டும் பழகுங்க. அடுத்தவங்க வலியைக் கேட்டுக்கிட்டே இருந்தா நமக்கும் தூக்கம் போகும், எரிச்சல் வரும், அதனால நீங்க பேசறதுக்கு ஒரு சீனியரை வெச்சுக்குங்க. சுவத்துல இருக்கற படத்தைக் கிழிக்க வேண்டாம், ஆனா கொஞ்ச நாளைக்கு எடுத்து பெட்டில வைங்க, இப்போதைக்கு அந்தப் படம் அவளை மிரட்டும்.

இன்னிக்கு ராத்திரி அவகிட்ட நேர்ல பேச வரலைன்னா மெசேஜ் போடுங்க: "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சுடு. நீ சொன்னதை நான் நம்பறேன். யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீ என்ன முடிவு பண்ணாலும் நான் இருக்கேன். சாப்பிட்டியா?" அவ்வளவு போதும், பதில் வரலைன்னா திரும்பத் திரும்ப அனுப்பாதீங்க. காலைல ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ணை அவ கட்டில் பக்கத்துல வைங்க, போர்வையை மூடிக்கிட்டுதான் படுத்திருந்தான்னா ஒண்ணும் கேக்காதீங்க, உங்க டீயை அங்கயே உக்காந்து குடிங்க.

அன்புடன்,
உங்க அக்கா